தூண் நுழையாத கார்

"ஏழு சீற் எண்டால் ஏழு சீற்தான்! அதுக்குக் குறைஞ்ச ஒரு காரும் இந்த வாசலுக்கு வராது!"

"கார் ஆருக்கு, அண்ணை? எனக்கோ, உங்கட மணவறைக்கோ?"

"ரெண்டுக்கும்தான்! மணவறையும் இந்தக் குடும்பத்தில ஒரு ஆள்தானே? உன்னைவிடக் கூடச் சோறு போட்டிருக்கு!"

சொல்லி முடித்ததும் கிருஷ்ணராசாவுக்கே அது சரியில்லை என்று பட்டிருக்கவேண்டும். ஆனால் போன வார்த்தை போனதுதான். வெஸ்ட் ஈலிங்கில் அந்தத் தெரு வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு' என்பார்கள். எதிர் வீட்டு யன்னல் சீலை காற்றே இல்லாமல் அசைந்தது.

தங்கச்சி குமுதினிக்குக் கார் கிடைக்கப் போகிறது என்ற செய்தி சென்ற வாரமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவிப் பணத்தை ஒரு ஸ்கீமுக்கு விட்டுக்கொடுத்தால், அவர்கள் மூன்று வருடக் குத்தகையில் புத்தம் புதுக் கார் கொடுப்பார்கள். இன்சூரன்ஸ், டயர், சேர்விஸ் எல்லாம் அவர்கள் பாடு. மூன்று வருடம் முடிய, பழையதைக் கொடுத்துவிட்டு அடுத்த புதுக் கார். ஒரேயொரு நிபந்தனை: கார் அந்த ஆளின் தேவைக்கு ஓடவேண்டும்.

இந்தக் கடைசி வரி மட்டும் கிருஷ்ணராசாவின் காதுக்குள் நுழையவே இல்லை.

அவரையும் முழுக்கக் குற்றம் சொல்லமுடியாது. ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் லண்டனுக்கு வந்து, கலியாண வீடுகளுக்கு மணவறை வாடகைக்குக் கொடுத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர். அந்த 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு, கலியாணம் வைத்தவர்களும் சத்தமில்லாமல் வைத்தார்கள். போர் முடிவில் ஊரில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மண்டபமும் மேளமும் எடுக்க மனம் வரவில்லை. மணவறையின் பொன்னிறத் தூண்கள் அவருடைய வெள்ளை வான் வண்டியின் கூரையிலேயே கட்டிக் கிடந்தன. வானும் இருமத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குப் புதுக் கார் என்றால், மனிதர் என்ன செய்வார்? ஏழு சீற்றையும் மடித்துவிட்டால் தூண் நீட்டுக்குப் போகும் என்று மனதுக்குள் மடித்தும் பார்த்துவிட்டார்.

"எனக்கு ரெண்டு சீற் காணும்," என்றாள் குமுதினி. "கரண்டில ஓடுற கார். பக்கத்து வீட்டுக் குணசுந்தரி அக்கா வச்சிருக்கிற மாதிரி."

"அந்த மலேசியாக்காரியின்ர விளையாட்டுச் சாமானோ? அதுக்குள்ள ஒரு மூட்டை அரிசியை வச்சால் நீ வெளியில நடந்து வரவேணும்!"

"அரிசி மூட்டை ஏன் என்ர காரில வருது?"

மாடிப்படியில் பல் துலக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணராசாவின் மகள் தாரகா, வாயில் நுரையோடு தீர்ப்புச் சொன்னாள். "அப்பா, இட்ஸ் மாமிஸ் கார். லிற்றரலி."

"நீ போய் வாயைக் கொப்பளி. லிற்றரலியாம்!"

அதுவரை பேசாமல் நின்ற அண்ணி ராஜலட்சுமி, தேநீர்த் தட்டை மெல்ல மேசையில் வைத்தாள். அவள் குரலை உயர்த்துவதே இல்லை. அதனால்தான் அவள் கேட்பது ஆழமாக இறங்கும்.

"ரெண்டு சீற்றெண்டால், மற்றச் சீற் ஆருக்கு மச்சாள்?"

"அப்பிடிக் கேள்!" என்று கிருஷ்ணராசா பிடித்துக்கொண்டார். "செவ்வாயும் வெள்ளியும் சந்தியில வந்து நிக்கிற சில்வர் காரில ஆரடி? ஊரெல்லாம் கதைக்குது. எனக்கு மட்டும் ஒண்டும் தெரியாது!"

குமுதினி கைப்பையை எடுத்தாள்.

"மூண்டு மணிக்கு ஷோரூமுக்கு நேர வாறன். மிச்சத்தை அங்க கதைப்பம்."

டக். இழுவை. டக். இடக்காலில் மாட்டியிருந்த இரும்புச் சட்டம் நடைபாதையில் அவளுக்கு முன்னால் போனது. இரண்டு வயதில் வந்த போலியோ விட்டுப்போன கால் அது. முப்பத்தொன்பது வயதில் அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அவள் ஒரு அறைக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் நுழைந்துவிடும். உள்ளே நடந்துகொண்டிருந்த கதை டக்கென்று நின்று, காலநிலைக்கு மாறிவிடும். அவள் தன் வாழ்நாளில் கேட்ட அளவுக்குக் காலநிலைக் கதைகளை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சில்வர் கார் விஷயத்தைத் தெருவுக்கு விளக்கியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதில் வருகிறவர் நித்தியானந்தன். வெம்பிளியில் இருந்து வருகிற ஓட்டுநர் பயிற்சியாளர். பாதி லண்டன் தமிழ்ப் பெண்களுக்கு அவர்தான் மாஸ்ரர். மற்றப் பயிற்சியாளர்கள் கார்க் கூரையில் பெயர்ப் பலகையும், முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்துமாக வீட்டு வாசலிலேயே வந்து ஹோர்ன் அடிப்பார்கள். நித்தியானந்தன் அப்படி இல்லை. பலகை டிக்கிக்குள் இருக்கும். காரைச் சந்தியில் நிறுத்துவார். தானே ஓட்டிக்கொண்டு பார்க் ரோயல் பக்கத்துப் பண்டகசாலைகளுக்குப் பின்னால் போன பிறகுதான் எல் எழுத்தை எடுத்து ஒட்டி, ஆளை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றுவார். அவரிடம் படிக்கிற பெண்கள் கேட்டுக்கொண்ட சலுகை அது. எல் பலகையோடு தெருவால் போனால், எப்போது சோதனை என்று கேட்பார்கள். சோதனை முடிந்தால், என்ன முடிவு என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து பலகையை ஒளித்தார்கள். பலகை இல்லாத காரில், யாரோ ஒரு ஆம்பிளைக்குப் பக்கத்தில், வாரத்துக்கு இரண்டு தரம் போய்வந்தால் தெரு என்ன நினைக்கும் என்பதைக் கெட்டிக்காரிகள் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

குமுதினி யோசித்தாள். இரண்டு தரம் ஃபெயில் விட்ட பிறகு நன்றாகவே யோசித்தாள். யோசித்துத்தான் வாயை மூடினாள்.

இன்றைக்கு மூன்றாவது சோதனை. பாஸ் என்றால் ஷோரூமில் ஓட்டுநர் பெயர் கேட்கும்போது தன் பெயரைச் சொல்வாள். ஃபெயில் என்றால் அண்ணை பெயரும் அண்ணி பெயரும். அதோடு ஏழு சீற்றும், தூணும், அரிசி மூட்டையும். பிறகு கோயிலுக்குப் போவதென்றாலும், வேலைக்குப் போவதென்றாலும், மூன்று வருடத்துக்குத் தன் காரில் ஏற மற்றவர்களின் நேரம் கேட்டு நிற்கவேண்டும்.

பக்கத்து வீட்டு வாசலில் குணசுந்தரி, யன்னல் வழியாக வெளியே விட்டிருந்த வயரைக் காரிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். பினாங்கிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மின்சாரக் கார் ஒரு சப்பாத்துப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது.

"என்ன குமுதினி, காலையிலேயே கச்சேரியா?"

"கேட்டுதோ அக்கா?"

"கேக்காம? பினாங்குல எங்க அக்கா போன் பண்ணி என்ன சத்தம்னு கேக்கிறா." குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குத்தானே டெஸ்ட்?"

"ஓம். கை நடுங்குது."

"ஓட்டற கால் நடுங்காம இருந்தா போதும். ஆக்ஸிலேட்டரும் வலது காலு, பிரேக்கும் வலது காலு. இடது கால் சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கட்டும் லா."

குமுதினிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூப்பர்மார்க்கெட் பின்புறத்து வெற்றுத் தரிப்பிடத்தில், அக்காதான் அந்தப் பெட்டிக் காரில் அவளை முதல் தடவை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. திறப்பைச் சாவித்துளையில் விட்டுத் திருப்பினாள், ஒரு சத்தமும் இல்லை. பழுதாகிவிட்டதோ என்று பயந்து காலை அழுத்தினாள். கார் நகர்ந்தது. ஒரு புறா, டயர் பக்கத்தில் வரும்வரை தலையைத் திருப்பவில்லை. தன்னைக் கவனிக்காமல் ஒரு உயிர் இருந்ததைக் குமுதினி அன்றைக்குத்தான் கண்டாள். அடுத்த நாளே நித்தியானந்தனின் ஓட்டோமற்றிக் காரில் பாடம் தொடங்கிவிட்டாள். ஊரெல்லாம் பேசிய இடக்காலுக்கு, காருக்குள் ஒரு வேலையும் இல்லை. யாரும் அதைப் பற்றி விசாரிக்காத ஒரே இடமும் அதுதான்.

சந்தியில் சில்வர் கார் நின்றது. ஏறினாள்.

அவள் கவனிக்காதது, பின்னால் இருமிக்கொண்டு புறப்பட்ட வானை.

பார்க் ரோயலில் நித்தியானந்தன் இறங்கி எல் எழுத்தை ஒட்டியபோது, குமுதினி காரைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். அப்போதுதான் கண்டாள். பண்டகசாலை மூலையில் ஒரு வெள்ளை வான். கூரையில் பொன்னிறத் தூண்கள்.

"மாஸ்ரர், அண்ணை வந்திட்டார்."

"ஆர், அந்த மணவறைக்காரரோ?" நித்தியானந்தன் திரும்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, சோதனைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. சண்டையெண்டால் முடிச்சிட்டு வந்து பிடிக்கலாம். ஏறு."

சோதனை நிலையத்தில் கையில் தாள் செருகிய அட்டையோடு சோதனை அதிகாரியான ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து பக்கத்தில் ஏறினார். குமுதினி காரை வீதிக்கு எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். தூண்கள். இடப்பக்கம் திரும்பினாள். கண்ணாடி. தூண்கள். கிருஷ்ணராசா பின்னால் வந்துகொண்டேயிருந்தார். அதுமட்டுமா? எச்சரிக்கை விளக்குகள் நாலையும் பளிச்சுப் பளிச்சென்று எரியவிட்டு, பின்னால் யாரும் அவளை நெருங்காதபடி மறித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போகிற வேகத்தில் வந்தார்.

சோதனை அதிகாரி இரண்டு தரம் பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, முன்னால் ஏதும் கலியாண வீடு நடக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள் குமுதினி. பொய்யும் இல்லை.

ஹாங்கர் லேன் சுற்றுவட்டம் வந்தது. பெரிய வீதிகள் எல்லாம் வந்து ஒன்றையொன்று முட்டிக்கொள்கிற இடம். அதன் பெயரைக் கேட்டாலே லண்டன்காரர்கள் வேறு வழி தேடுவார்கள். குமுதினிக்கு அது தேவைப்படவில்லை. ஒன்பது வருடமாக ஒரு மினிகாப் வாடகைக் கார் அலுவலகத்தில் தொலைபேசி மேசையில் இருப்பவள் அவள். 'இப்ப நடு லேனுக்கு வாங்கோ, ரெண்டாவது சிக்னல் தாண்ட இடப்பக்கம் எடுங்கோ' என்று எத்தனையோ ஓட்டுநர்களை அந்த வட்டத்துக்குள் விட்டு வெளியே எடுத்திருக்கிறாள். இன்றைக்கு அந்தக் குரல் அவளுக்கே சொன்னது. நடு லேன். சிக்னல். இடப்பக்கம்.

கண்ணாடியில் பார்த்தாள். ஜெர்மனியில் பதினைந்து வருடம் வலப்பக்கம் ஓடிப் பழகிய அண்ணைக்கு, பதற்றத்தில் கை பழைய நாட்டுக்குப் போய்விட்டது. பிழையான லேனில் மாட்டி, நாலு விளக்கும் எரிய, தூண்களோடு அவர் எதிர்த் திசையில் இழுபட்டுப் போனார். யன்னலுக்கு வெளியே அவருடைய கை மட்டும் தெரிந்தது. 'நில்' என்கிறாரா, 'போ' என்கிறாரா என்று விளங்கவில்லை.

போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

நிலையத்துக்குத் திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தியபோது, அதிகாரி பாஸ் என்றார். கண்ணாடி பார்த்ததுதான் மிகவும் நன்றாக இருந்தது என்று தனியாகவும் சொன்னார். போன தடவை அவளை விழுத்தியது அதே கண்ணாடிதான்.

ஷோரூமில் கிருஷ்ணராசா முதலே வந்து, ஏழு சீற் காரின் ஓட்டுநர் இருக்கையில், கதவைத் திறந்துவைத்தபடி இருந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டக், இழுவை, டக் என்று கேட்டும் நிமிரவில்லை.

"பாஸோ?" என்றார்.

"ஓம்."

"அந்த மாஸ்ரர் கலியாணம் கட்டினவரோ?"

"மூண்டு பிள்ளையள். பாடத்துக்கு நேரம் குடுக்கிறதே அவற்ற மனிசிதான்."

கிருஷ்ணராசா ஒரு பெருமூச்சு விட்டார். அது நிம்மதிதான். கடந்த சில மாதமாகக் கற்பனையை வளர்த்த தெருவுக்குத்தான் பெரிய நட்டம்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை, குமுது? ஊர் கேவலமாக் கதைக்குது, நீ வாயை மூடிக்கொண்டிருந்தனி."

"ஊர் கள்ளக் காதல் எண்டு கதைச்சால், ரெண்டு மாசத்தில அலுத்துப்போகும் அண்ணை. ரெண்டு தரம் ஃபெயில் எண்டு தெரிஞ்சால், சாகுமட்டும் பாவம் பாப்பினம். எனக்கு முதலாவது பரவாயில்லை."

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற வானைப் பார்த்தார்.

"நான் பிடிக்கத்தான் வந்தனான். பொய் சொல்லேல்லை. நீ போய் டிரைவர் சீற்றில ஏறினதைக் கண்டதும் வந்த காரியமே மறந்துபோச்சு. பின்னால ஆரும் வந்து இடிச்சால் எண்டுதான் லைற்றைப் போட்டுக்கொண்டு..." நிறுத்தினார். "என்னை ஹாங்கர் லேனில விட்டிட்டுப் போட்டாய்."

"நீங்கள் இடப்பக்கம் எடுத்திருக்கவேணும்."

"இப்ப சொல்லு!"

விற்பனையாளர் வந்தார். கழுத்துப்பட்டியும் புன்னகையுமாக, எந்தக் கார் என்று கேட்டார். மின்சாரக் கார் இருக்கிறதா என்றாள் குமுதினி. ஸ்கீமில் இன்னும் வரவில்லை, இன்னும் சில வருடங்களில் வரலாம் என்றார் அவர். பகிடி என்று நினைத்தாரோ என்னவோ, புன்னகை பெரிதானது.

"வந்தால் எனக்குச் சொல்லுவீங்களோ?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நிச்சயமாக," என்றார், எல்லாரும் சொல்வதைப் போல. அவள் அப்படிக் கேட்கவில்லை.

பிறகு கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்துக்கொண்டு, மூலையில் நின்ற ஒரு சின்ன ஓட்டோமற்றிக் காரிடம் போனாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள். கடைசியிலிருந்து முன் கண்ணாடிவரை நாடாவைப் பிடித்து அளந்தாள்.

"உதென்ன, பிளவுஸ் தைக்கப்போறியோ?" என்றார் அண்ணை.

"உங்கட தூண் எட்டடி. இது ஏழடியும் இல்லை."

கிருஷ்ணராசா நாடாவை வாங்கித் தானும் அளந்து பார்த்தார். "கூரையில கட்டலாம்தானே?"

"மேல ராக் பூட்ட ஸ்கீம்காரர் விடமாட்டினம்."

"கேட்டனியோ?"

"போன கிழமையே."

விற்பனையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டுநர்களின் பெயர்களைக் கேட்டார். அந்த ஸ்கீமில் இரண்டு பெயர் கொடுக்கலாம். குமுதினி பேசுவதற்கு முன்னால் கிருஷ்ணராசா எழுந்து நின்றார்.

"ஃபெர்ஸ்ற் டிரைவர், மை சிஸ்டர்," என்றார், ஜெர்மன் வாசம் அடிக்கிற ஆங்கிலத்தில். பிறகு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் கேட்காமல் எப்படிக் கேட்கலாமோ அப்படியெல்லாம் கேட்டார்.

கண்ணாடியில் நாலு விளக்கும் எரிய வந்த வான் குமுதினியின் நினைவில் வந்தது. பெயரைக் கொடுத்துவிட அரை மனம் இருந்தது. கொடுத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. முதல் வாரம் மருந்துக்கடை, இரண்டாம் வாரம் அரிசிக்கடை, மூன்றாம் வாரம் காரின் திறப்பு அவர் சட்டைப் பையில்.

"செக்கண்ட் டிரைவர் இல்லை," என்றாள்.

கிருஷ்ணராசா தலையை ஆட்டினார். வெளியே போய், வானின் கூரையில் கட்டியிருந்த கயிற்றைத் தேவையில்லாமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அன்று அவளை வீடுவரை ஏற்றிக்கொண்டு போனதும் அவர்தான். வீட்டு வாசலில், "இறங்கேக்க பாத்து," என்றார்.

கார் வந்த வெள்ளிக்கிழமை துர்க்கை அம்மன் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனார்கள். நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஐயர் பழக்கத்தில் கிருஷ்ணராசாவைப் பார்த்து, "ஏறி எடுங்கோ," என்றார். கிருஷ்ணராசா ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார். வீதியில் கூடியவர்கள் காலநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். குமுதினி ஏறி, நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நடந்தவை தெருவுக்கே வெளிச்சம். தாரகா படிப்பு முடிந்து ஆரணன் என்ற பொறியியலாளனைக் கட்டிக்கொண்டு வெம்பிளிக்குப் போனாள். அதே பொன்னிறத் தூண்களுக்கு நடுவில்தான் தாலி ஏறியது. அதுதான் அந்த மணவறைக்குக் கடைசிக் கலியாணம். அடுத்த மாதம் கிருஷ்ணராசா அதைப் பாரிஸ்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, குமுதினியின் மினிகாப் அலுவலகத்திலேயே ஓட்டுநராகச் சேர்ந்தார். ஹாங்கர் லேன் வரும்போதெல்லாம் தங்கச்சியின் குரல் தொலைபேசியில் அவருக்கு லேன் சொல்லும். குணசுந்தரி ஓய்வு பெற்றுப் பினாங்குக்கே திரும்பினார். நித்தியானந்தன் எல் பலகையைக் கூரையில் போட்டுக்கொண்டு வாசலுக்கே வரத் தொடங்கினார். குமுதினிக்குப் பிறகு அந்தத் தெருவில் ஏழு பெண்கள் அவரிடம் படித்தார்கள்; ஃபெயில் விட்டவர்கள் அதைக் கோயிலில் வைத்துச் சொல்லிச் சிரித்தார்கள்.

குமுதினியோ, இரண்டு குத்தகை முடிந்து மூன்றாவது கார் எடுக்கும்போது, தான் அன்றைக்குக் கேட்ட மின்சாரக் காரையே எடுத்தாள். அந்த வருடமே மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்குக் கிட்ட, தனியாக ஒரு ஃபிளாட் எடுத்தாள்.

அவள் வெஸ்ட் ஈலிங்கை விட்டுப் போன காலை, தெரு முழுக்க யன்னலோரம் காத்திருந்தது. ஆனால் எஞ்சின் சத்தத்துக்குக் காத்திருந்தது. சத்தம் வரவே இல்லை. எதிர் வீட்டுச் சீலை சந்தேகப்பட்டு விலகியபோது, கார் சந்தி திரும்பிக்கொண்டிருந்தது. தெரிந்ததெல்லாம் அவளுக்குப் பக்கத்தில், இடப்பக்கச் சீற்றில், யாரோ ஒரு ஆம்பிளை யன்னலுக்கு வெளியே மடித்து வைத்த வெள்ளைச் சட்டைக் கை.

கிருஷ்ணராசா அப்போது மேல்மாடியில் படுத்திருந்தார். நித்தியானந்தன் அடுத்த தெருவில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்ற ராஜலட்சுமி, சந்தியையே பார்த்தபடி, வருடக்கணக்காக ஆறப்போட்டிருந்த அதே கேள்வியைத் திரும்ப மெல்லக் கேட்டாள்.

"அப்ப, மற்றச் சீற் ஆருக்கு?"